குதிரைகளுக்கு மட்டும்

சுற்றாடல், இயற்கை வளங்கள் அமைச்சர் நெடுந்தீவுக்கு வருகிறார் என்று மாவட்டச் செயலகமான யாழ்ப்பாணக் கச்சேரியிலிருந்து தகவல் வந்தபோது பரமலிங்கம் அதை நம்பவில்லை. பிரதேச செயலகத்தில் நிர்வாக உத்தியோகத்தர் அவர். அரசாங்க வேலையிலேயே தலை நரைத்தவர். மீன்பிடிக்கு ஓர் அமைச்சர், தெருவுக்கு ஓர் அமைச்சர், தபாலுக்கு ஓர் அமைச்சர் என்று அவருக்குத் தெரியும். சுற்றாடலுக்கும் ஒருவர் இருக்கிறார் என்பது அன்றுதான் தெரிந்தது. சண்டை நின்று, சமாதானம் என்று சொல்லிப் பாதை திறந்த பிறகு யாழ்ப்பாணத்துக்குப் பெரிய மனிதர்கள் நிறையப் பேர் வந்துபோனார்கள். அவர்களில் சிலர் நெடுந்தீவுக்குப் படகேறுகிற குறிகட்டுவான் இறங்குதுறை வரைக்கும் வந்து, கடலை ஒருதரம் பார்த்துவிட்டு, அப்படியே வாகனத்தைத் திருப்பிக்கொண்டு போனதும் உண்டு. அதற்கு அப்பால் ஒருவரும் வந்ததில்லை.

பின்னேரம் தம்புவின் தேத்தண்ணிக் கடையில் அவர் விசயத்தைச் சொன்னார். தம்பு ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணியை அந்தரத்தில் நிறுத்தினார்.

"சுற்றாடல் மந்திரி எண்டால், சுத்தித் திரியிற மந்திரியோ?"

"இல்லையண்ணை. கடல், காத்து, மரம், மிருகம் எல்லாம் அவருக்குக் கீழதான் வருது."

"காத்துமோ?"

"ஓம், காத்தும்தான்."

"அப்ப வந்தவுடன உந்தச் சோளகக் காத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லுங்கோ. ஒரு கிழமையா ஒருத்தரும் தொழிலுக்குப் போகேல்லை. கடையில கடன்தான் ஓடுது."

கடையிலிருந்த எல்லோரும் சிரித்தார்கள். பரமலிங்கமும் சிரித்தார். அடுத்த நாள் பிரதேச செயலாளர் சறோஜினிதேவி அவரை அறைக்குள் கூப்பிட்டபோது அந்தச் சிரிப்பு போய்விட்டது.

சறோஜினிதேவிக்கு வயது குறைவு. பதவிக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. "ஐயா, மினிஸ்டர் குதிரை பாக்கத்தான் வாறார்," என்றார். "எங்கட குதிரையளைத் தேசிய இயற்கை வளம் எண்டு அறிவிக்கப் போறாராம். நீங்கள் குருநாகலில வேலை செய்தனீங்கள், சிங்களம் நல்லாத் தெரியும். மொழிபெயர்ப்பு உங்கட பொறுப்பு. குதிரையும் உங்கட பொறுப்பு."

"மிஸ், மொழிபெயர்ப்பு என்ர வாயில இருக்கு. குதிரை என்ர கையில இல்லையே."

"ரெண்டு வருசமா இஞ்ச இருக்கிறியள். ஒரு குதிரை காட்ட ஏலாதோ?"

ஏலாதுதான். ஒல்லாந்தர் காலத்தில் விட்டுப்போன குதிரைகளின் பிள்ளை பேரப்பிள்ளைகள் தீவின் தெற்கு வெளியில் கூட்டம் கூட்டமாகத் திரிகின்றன. வேண்டாத நேரமெல்லாம் தெருவில் குறுக்கே நிற்கும். ஆனால் அந்த வருடம் மழை பொய்த்து, கேணிகள் வெடித்துக் கிடந்தன. குதிரைகள் தண்ணீரைத் தேடி நாலு திசைக்கும் சிதறிப்போயிருந்தன. அமைச்சரோ மத்தியானத்துக்கு முன் திரும்பிவிட வேண்டும். அதற்குப் பிறகு கடல் படகு ஓட விடாது. அவ்வளவு நேரத்துக்குள் அவரைத் தெற்கு வெளிக்குக் கொண்டுபோய், குதிரையைத் தேடிப் பிடித்துக் காட்டி, திரும்பவும் இறங்குதுறைக்குக் கொண்டுவர முடியாது.

பரமலிங்கம் சைக்கிளை எடுத்துக்கொண்டு குதிரை தேடிப் புறப்பட்டார். நயினாதீவில் பெரிய வளவுக்காரரின் மகனாகப் பிறந்து, பட்டம் படித்து, இந்த வயதில் வெயிலில் குதிரை தேடி அலைய வேண்டி வந்ததே என்று அவருக்கு ஒரே ஆற்றாமை. கண்ட சனத்தையெல்லாம் "குதிரை கண்டனீங்களோ?" என்று கேட்டார். எல்லோரும் அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டு அனுதாபத்தோடு இல்லை என்றார்கள். கடைசியில் மாதா கோயிலடியில் ஒரு பெண்பிள்ளைதான், "ஞானசவுந்தரியக்கா வீட்டில ஒண்டு பிடிச்சுக் கட்டியிருக்கு," என்று சொன்னது.

ஞானசவுந்தரியின் வளவைச் சுற்றி முருகைக்கல் மதில். உள்ளே வேப்பமரத்தில், வலைக்கயிற்றால் கட்டப்பட்டு, ஒரு சிவலைக் குதிரை நின்றது.

"வாங்கோ ஐயா. கள்ளனைப் பாக்க வந்தனீங்களோ?" என்றாள் ஞானசவுந்தரி.

"உந்தக் குதிரையை ஏனக்கா கட்டி வச்சிருக்கிறியள்?"

"ஏனோ? மதில் பாஞ்சு வந்து என்ர கத்தரித் தோட்டம் முழுக்கத் திண்டிட்டுது. ஒரு கண்டு மிச்சமில்லை. போனமுறையும் இதுதான் திண்டது. கந்தோருக்கு வந்து முறைப்பாடு சொன்னனான். நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

பரமலிங்கத்துக்கு நன்றாக நினைவிருந்தது. காட்டுக் குதிரைக்குச் சொந்தக்காரன் கிடையாது, சொந்தக்காரன் இல்லாத மிருகத்தின் மேல் நடவடிக்கை எடுக்க ஏலாது என்று விளக்கமாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அன்று அது நல்ல பதிலாகத்தான் இருந்தது.

"இப்ப சொந்தக்காரன் வாறாராமே," என்றாள் அவள். "தம்பு அண்ணை சொன்னவர். கடலும் காத்தும் குதிரையும் அவருக்குச் சொந்தமாம். வரட்டும். அவரிட்ட நியாயம் கேட்டிட்டுத்தான் கயித்தை அவிழ்ப்பன்."

"அக்கா, காட்டு மிருகத்தைக் கட்டி வைக்கிறது குற்றம்."

"தோட்டத்தைத் தின்னுறது குற்றமில்லையோ?"

பரமலிங்கம் குதிரையைப் பார்த்தார். வறட்சிக்கு மற்றக் குதிரைகளெல்லாம் விலா எலும்பு தெரியத் திரிய, இது மட்டும் மினுங்கிக்கொண்டு, கழுத்து மயிர் வழித்து வாரிவிட்ட மாதிரி நின்றது. முன்னால் ஒரு பெரிய வாளி. வாளி நிறையத் தண்ணீர்.

அந்த நேரம் ஞானசவுந்தரியின் புருசன் அன்ரனிதாஸ் இரண்டு பக்கமும் பிளாஸ்ரிக் கான் கட்டிய சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலையால் உள்ளே வந்தார். வியர்த்து வழிந்தது.

"நீங்களாவது சொல்லுங்கோ ஐயா," என்று பரமலிங்கத்திடம் முறையிட்டார். "எங்கட கிணறு உப்பு. அதை உந்தத் துரை குடிக்கிறாரில்லை. மேற்கால சாராப்பிட்டிக் கிணத்தடிக்குப் போய் நல்ல தண்ணி அள்ளிக் கொண்டந்து குடுக்கிறன். எனக்கு முகம் கழுவத் தண்ணியில்லை. அவர் நிண்டு குளிக்கிறார்."

"கட்டி வச்ச சீவனைத் தாகத்தில விடுறது பாவம்," என்றாள் ஞானசவுந்தரி.

"அப்ப அவிட்டு விடன்!"

"அது வேற கதை."

பரமலிங்கம் சைக்கிளில் திரும்பி வரும்போது யோசித்தார். தீவிலேயே கைக்கெட்டிய குதிரை இது ஒன்றுதான். பார்க்கவும் லட்சணமாக இருக்கிறது. ஆனால் பாதுகாக்கப்பட்ட மிருகம் என்று அறிவிக்க வருகிற அமைச்சருக்கு முன்னால் அது கயிற்றில் நிற்கிறது. கந்தோரில் சறோஜினிதேவியிடம், "ஒரு குதிரை பராமரிப்பில இருக்கு மிஸ்," என்றார். அது பொய்யில்லை என்று தன்னைத் தானே தேற்றிக்கொண்டார்.

அமைச்சர் வந்த நாள் சோளகம் தன் முழுப் பலத்தையும் காட்டியது. நேவியின் படகு தீவின் இறங்குதுறையான மாவிலித்துறைக்குள் வருவதற்குள் நாலுதரம் கண்ணில் பட்டு நாலுதரம் மறைந்தது. இறங்கிய மனிதர் நல்ல உயரம், நல்ல பருமன், வெள்ளைச் சட்டை. முகம் மட்டும் வாழையிலை நிறத்தில் இருந்தது. பள்ளிக்கூடப் பிள்ளைகள் பாட்டுப் பாடினார்கள். மாலை போட்டார்கள். இளநீர் கொண்டுவந்து நீட்டியபோது அவர் அதைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"தரை ஆடுகிறதே," என்று சிங்களத்தில் பரமலிங்கத்தின் காதுக்குள் சொன்னார்.

"கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும் சேர்."

"திரும்பிப்போக வேறு வழி ஏதாவது இருக்கிறதா?"

"கடல் மட்டும்தான் சேர்."

அமைச்சர் பெருமூச்சு விட்டார். அந்த இடத்தில் பரமலிங்கத்துக்கு அவர்மேல் ஒரு பிடிப்பு வந்துவிட்டது. பரமலிங்கமும் வெள்ளிக்கிழமை தோறும் வீட்டுக்குப் போகும்போது அதே கடலில் அதே நிறத்துக்குத்தான் மாறுகிறவர்.

எழுதி வைத்திருந்த பேச்சு பாதியிலேயே முடிந்தது. குதிரையைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்றார் அமைச்சர். நேவி ஜீப்பில் அவரும், மூக்குக்கண்ணாடி போட்ட மெலிந்த அமைச்சுச் செயலாளரும், சறோஜினிதேவியும், பரமலிங்கமும், பின்னால் லான்ட்மாஸ்ரர் உழவு வண்டியில் படம் பிடிப்பவர்களும் ஞானசவுந்தரி வீட்டுக்குப் போனார்கள். மதிலுக்கு வெளியே ஊரே நின்றது. சனம் தண்ணிக்குப் போகிற நேரம் அது. பெண்களெல்லாம் வெறும் கானும் குடமுமாக அப்படியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

"வணக்கம் எண்டு மட்டும் சொல்லுங்கோ அக்கா," என்று பரமலிங்கம் முதல்நாளே படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

ஞானசவுந்தரி கோயிலுக்குக் கட்டுகிற சேலையில் நின்றாள். "வணக்கம்," என்றாள். மூச்சு விடாமல் தொடர்ந்தாள்: "உங்கட குதிரை என்ர கத்தரித் தோட்டத்தை முழுக்கத் திண்டிட்டுது."

அமைச்சர் பரமலிங்கத்தைப் பார்த்தார்.

"இந்தக் குதிரை தன்னுடைய தோட்டத்திலிருந்துதான் சாப்பிட்டது என்று சொல்கிறார் சேர்."

"எவ்வளவு நல்ல மனம்!" என்றார் அமைச்சர்.

"என்ன சொல்லுறார்?" என்று ஞானசவுந்தரி கேட்டாள்.

"உங்களுக்கு நல்ல மனமாம்."

"நல்ல மனமோ? நான் கயித்தால கட்டியெல்லோ வச்சிருக்கிறன்! அதையும் சொல்லுங்கோ."

பரமலிங்கம் அமைச்சர் பக்கம் திரும்பினார். "பலவீனமாக இருந்ததால் விழுந்துவிடாமல் கட்டி வைத்தாராம் சேர்," என்றார். வாளிக்குள் தலையை விட்டிருந்த குதிரையைப் பார்த்தால் அது விழக்கூடிய குதிரையாகத் தெரியவில்லை. செயலாளர் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பரமலிங்கத்தை ஒருதரம் ஏற இறங்கப் பார்த்தார். அமைச்சரோ உருகிப்போய்விட்டார். வேப்பமர நிழலில் ஒரு கதிரை போடச் சொல்லி உட்கார்ந்தார். முகத்தில் கொஞ்சம் மனித நிறம் திரும்பியது.

"இந்த அம்மாவுக்கு என்ன வேண்டும் என்று கேளுங்கள்."

பரமலிங்கம் கேட்டார். ஞானசவுந்தரி யோசிக்கவேயில்லை. மதிலுக்கு வெளியே நின்ற பெண்களைக் கையால் காட்டினாள். "தண்ணி," என்றாள். "எங்கட பக்கத்துச் சனம் முழுக்க ஒரு குடம் நல்ல தண்ணிக்கு மேற்கு வரைக்கும் நடக்குது. தண்ணி கொண்டுவர ஒரு பவுசர் வண்டி தரச்சொல்லி எத்தினை தரம் கேட்டாச்சு. அதைக் கேளுங்கோ."

இதை மாற்றிச் சொல்ல வேண்டிய தேவை இருக்கவில்லை. பரமலிங்கம் அப்படியே சொன்னார். அமைச்சரின் முகம் விழுந்துபோயிற்று.

"குடிதண்ணீர் என்னுடைய விடயம் இல்லையே," என்றார். சுற்றிவர நின்றவர்களை மறந்து, பழைய நண்பனிடம் சொல்வதுபோல பரமலிங்கத்திடம் சொல்லத் தொடங்கினார். "அதற்கு வேறு அமைச்சர். நான் எழுதினால் அவர் பதில் போட மாட்டார். அவர் எழுதினால் நானும் போட மாட்டேன். முன்பு எனக்குத் தபால் இருந்தது. ஓர் ஊருக்குப் போனால் தபால் கந்தோர் ஒன்று திறந்து வைக்கலாம். சனம் கைதட்டும். இங்கே என்ன திறப்பது? காற்றையா? மரத்தை வெட்டாதே என்கிறேன், வெட்டுகிறார்கள். மண்ணைத் தோண்டாதே என்கிறேன், தோண்டுகிறார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்வதுதான் ஐயா என்னுடைய முழு வேலை. ஒருவருக்கு ஒன்றைக் கொடுத்தேன் என்று இன்றுவரைக்கும் இல்லை."

பரமலிங்கம் ஞானசவுந்தரி பக்கம் திரும்பினார்.

"என்னவாம்?" என்றாள் ஞானசவுந்தரி.

"தண்ணி தன்ர பகுதியில்லையாம் அக்கா. குடுக்க ஏலாதாம்."

அவளுக்கு வந்ததே கோபம். "அப்ப உந்தக் குதிரையைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கோ! உவற்ற குதிரைக்குத் தண்ணி இழுத்து இழுத்து என்ர மனுசன் செத்துப்போவார். இனி ஒரு வாளி நான் வைக்கமாட்டன்."

பரமலிங்கம் களைத்துப்போயிருந்தார். காலையிலிருந்து சொன்ன பொய்களை இனி எங்கே கொண்டுபோய்ப் பொருத்துவது என்று அவருக்குத் தெரியவில்லை. ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல் அதை அப்படியே சிங்களத்தில் சொன்னார்.

சறோஜினிதேவி கண்ணை மூடிக்கொண்டார்.

அமைச்சர் எழுந்தார். வாளியைப் பார்த்தார். குதிரையைப் பார்த்தார். சைக்கிளோடு நின்ற அன்ரனிதாசைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் செயலாளர் பக்கம் திரும்பினார்.

"காட்டு மிருகங்களுக்குத் தண்ணீர் கொடுப்பது யாருடைய விடயம்?"

செயலாளர் கொஞ்சம் யோசித்தார். "அது எங்களுடையதுதான் சேர்," என்றார்.

"நிச்சயமாகவா?"

"நிச்சயம் சேர். வறட்சிக் காலத்தில் தண்ணீர்த் தாங்கி கட்டலாம். உழவு இயந்திரமும் பவுசரும் கொடுக்கலாம். யாரையும் கேட்கத் தேவையில்லை."

அமைச்சரின் முகத்தில் இரத்தம் ஏறியதைப் பரமலிங்கம் கண்ணால் கண்டார். இறங்குதுறையில் தள்ளாடி இறங்கிய மனிதர் இப்போது நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"இங்கே எத்தனை குதிரை இருக்கும்?"

"நானூறு, ஐந்நூறு இருக்கும் சேர்."

"குதிரை நிறையத் தண்ணீர் குடிக்குமோ?"

"மிகவும் குடிக்கும் சேர்."

அமைச்சர் மதிலுக்கு வெளியே, கானும் குடமுமாக நின்ற பெண்கள் பக்கம் ஒருதரம் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "இந்தக் குதிரைகள் வந்து குடிக்க வசதியான இடம் எது?" என்று கேட்டார்.

பரமலிங்கம் அவருடைய கண்ணைப் பார்த்தார். அதில் ஒரு சிரிப்பு இருந்ததா இல்லையா என்று அவரால் கடைசிவரை முடிவு செய்ய முடியவில்லை. "மாதா கோயிலடிச் சந்தி சேர்," என்றார். "குதிரைகள் எல்லாம் பூசை முடிந்து அந்தப் பக்கத்தால்தான் வரும்."

வாய் தவறிவிட்டது என்று அவருக்கு உடனே உறைத்தது. அமைச்சர் தலையை மட்டும் ஆட்டினார். "எனக்குத் தெரியும்," என்றார். "நல்ல குதிரைகள்."

படம் பிடிப்பதற்காக ஞானசவுந்தரியே கயிற்றை அவிழ்த்தாள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். குதிரை ஓடவில்லை. அமைச்சர் அதன் கழுத்தில் கைவைத்துச் சிரிக்க, அது அவருடைய மாலையிலிருந்து ஒரு பூவைக் கடித்தது. "பாத்தியளே, தின்னுறதை?" என்றாள் ஞானசவுந்தரி. அதைப் பரமலிங்கம் மொழிபெயர்க்கவில்லை.

சொன்னால் வராது என்றுதான் ஊர் நினைத்தது. பரமலிங்கமும் அப்படித்தான் நினைத்தார். ஆனால் அடுத்த மாதமே ஒரு பாரப்படகில் உழவு இயந்திரமும் பவுசரும் இரண்டு பெரிய தாங்கிகளும் வந்து இறங்கின. தாங்கிகளைக் கோயிலடிச் சந்தியில் வைத்தார்கள். ஒன்றுக்குக் கீழே சீமெந்துத் தொட்டி. மற்றதுக்கு நாலு குழாய்கள், மனிதர் கைக்கு எட்டுகிற உயரத்தில். இதை யார் கேட்டது என்று கட்ட வந்தவர்களுக்கும் தெரியவில்லை. பக்கத்தில் மூன்று மொழியில் ஒரு பலகை: காட்டுக் குதிரைகளுக்கு மட்டும்.

தண்ணி வந்த முதல் நாள் பெண்கள் வரிசையில் நின்று அதை வாசித்துவிட்டுச் சிரித்தார்கள். "குதிரை வந்திட்டுது, குடத்தை வை," என்று ஒருத்தியை ஒருத்தி கூப்பிடுவது கொஞ்சநாள் ஊரில் வழக்கமாக இருந்தது. உண்மையான குதிரைகளும் வந்தன. சாயங்காலம் பத்துப் பதினைந்தாகத் தொட்டியில் குடித்துவிட்டுப் போகும். சிவலையும் அந்தக் கூட்டத்தோடு சேர்ந்துகொண்டது. ஊர்த் தோட்டங்களுக்குள் வருவது குறைந்தது. ஞானசவுந்தரி திரும்பவும் கத்தரி வைத்தாள்.

மழைக்கு முன்னால் கொழும்பிலிருந்து ஓர் இளம் அதிகாரி வந்தார். பவுசர் ஓடிய கணக்கைப் பார்த்து அங்கே யாருக்கோ சந்தேகம் வந்திருந்தது. அவர் வருவதைச் சறோஜினிதேவி காலையில் அறிந்து சொன்னதும், குழாயடி ஒரு நொடியில் காலியானது. அந்தப் பக்கம் ஒரு குடத்தைக்கூடக் காணவில்லை.

"குதிரைகள் எங்கே?" என்று அதிகாரி கேட்டார்.

"வெயிலுக்கு வராதுகள் சேர். சாய்ந்த பிறகுதான்," என்றார் பரமலிங்கம்.

"நான் இருந்து பார்க்கிறேன்."

அவர் பலகைக்குப் பக்கத்தில் ஒரு கதிரையில் உட்கார்ந்தார். வெயில் ஏறியது. நிழல் என்று ஒன்றும் இல்லை. பரமலிங்கம் குடையைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார். எதிர் வளவு மதிலுக்கு மேலால் ஐம்பது கண்கள் பார்த்துக்கொண்டிருப்பது அவருக்குத் தெரியும். அதிகாரி நாக்கால் உதட்டை ஈரமாக்கினார். எழுந்தார். உட்கார்ந்தார். கடைசியில் குழாயடிக்குப் போய்க் கையை ஏந்தி வயிறு நிறையக் குடித்தார். முகத்தைக் கழுவினார். பிறகு நிமிர்ந்து, குழாயின் உயரத்தைத் தன் இடுப்போடு ஒருதரம் அளந்து பார்த்தார்.

மதிலுக்குப் பின்னால் ஒரு பெண் சிரித்துவிட்டாள். யாரோ அவளுடைய வாயைப் பொத்துகிற சத்தமும் கேட்டது.

அதிகாரி அந்தப் பக்கம் பார்க்கவில்லை. "நல்ல தண்ணீர்," என்றார். பையிலிருந்த வெறும் போத்தலை எடுத்து நிரப்பிக்கொண்டார். "படகு எத்தனை மணிக்கு?"

"குதிரை பார்க்கவில்லையே சேர்?"

"பார்த்துவிட்டேன்," என்றார் அவர்.

அவரை இறங்குதுறையில் விட்டுவிட்டுப் பரமலிங்கம் திரும்பி வந்தபோது குழாயடியில் பழையபடி வரிசை நின்றது. ஞானசவுந்தரி குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தாள்.

"என்னவாம் ஐயா? நிப்பாட்டப் போகினமோ?"

"இல்லையக்கா," என்றார் பரமலிங்கம். "உங்கட பக்கத்துக் குதிரையளுக்கு இன்னும் ரெண்டு குழாய் போடலாமாம்."